வாயில் காயமில்லாத மீன்கள்

கண்ணாடிக்காரர் தம் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அவருக்கு ஊரெல்லாம் வேறு பெயர். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள வருகிற கிழவரிலிருந்து மாடி வீட்டுக்காரர் வரை, "என்ன சார், இந்த வருஷம் ஆத்துக்கு எப்போ?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவரும் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே, "தண்ணி கொஞ்சம் தெளியட்டும்" என்பார். பெரிய அனுபவஸ்தர் பேசுகிற தோரணையில்தான் பேசுவார். அந்தத் தோரணைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ஆள் கெட்டவர் அல்ல. தொழிலில் சுத்தம். கடையின் பின்கட்டில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய அறையில், சாணைச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் கொடுப்பார். காலையிலிருந்து மாலை வரை முழங்கை வரைக்கும் ஈரம். உலகத்திலுள்ள அத்தனை பேரும் தங்கள் கண்கோளாறுக்கு இவர்தான் காரணம் என்பது மாதிரி வந்து நிற்பார்கள். "சாய்வா தெரியுதே", "மூக்குல குத்துதே", "என் பழைய கண்ணாடியே தேவலையே." எல்லாவற்றுக்கும் சிரித்த முகம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட மனிதருக்கு வருடத்தில் இரண்டு நாள் ஓய்வு தேவையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

பொய் ஆரம்பித்தது ஆறு வருடத்துக்கு முன்பு. அவரும் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர் டிரில் மாஸ்டரும், முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நின்று மீன் பிடிப்பது, கரையில் டெண்ட் அடித்துத் தங்குவது என்று நிஜமாகவே திட்டம் போட்டுத்தான் போனார்கள். இரண்டு மணி நேரப் பயணம். புதுத் தூண்டில், புது டெண்ட். ஆற்றில் கால் வைத்த நாலாவது எட்டில் கண்ணாடிக்காரர் பாசிக்கல்லில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். தூண்டில் ஆற்றோடு போயிற்று. காப்பாற்றப் போன டிரில் மாஸ்டருக்கு ஒரு செருப்பு போயிற்று. விசில் கழுத்தில் இருந்ததால் பிழைத்தது. இருவரும் துணியை உலரப் போட்டுவிட்டு, ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்றுவிட்டு, மர நிழலில் சாய்ந்தார்கள். எழுந்தபோது சூரியன் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை. மறுநாளும் அதே வேலையைத்தான் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பாலத்து முனையில் மீன் விற்கிற அம்மாளிடம் ஐந்து மீன் வாங்கினார்கள். வெறுங்கையோடு போக வேண்டாமே என்றுதான். வீட்டுக்குப் போனதும் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றுதான் கண்ணாடிக்காரர் நினைத்திருந்தார். ஆனால் கதவைத் திறந்த மனைவி, பதினாலு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்தவள், பையைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த அந்த முகம் ஒரு நொடியில் மலர்ந்து போயிற்று.

"நீங்களா புடிச்சீங்க?" என்றாள்.

"ஆமா" என்றார்.

வேறு என்ன சொல்வார், பாவம். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவரைப் பார்த்து அந்த முகம் அப்படி மலர்ந்தது மூன்று முறையோ நாலு முறையோதான். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்க அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த வருடமும் போனார், தூங்கினார், ஐந்து மீன் வாங்கினார். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சந்தேகம் வரும் என்று பெரிது இரண்டு, சின்னது மூன்று என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற அளவுக்குத் தேறிவிட்டார். அதில் பெரிய மீன் ஒன்று மனைவியின் மருத்துவமனையிலுள்ள பெரிய டாக்டருக்குப் போய்விடும். இப்படியே ஆறு வருடம் ஓடியது.

இந்த இடத்தில் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ். வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். ஒரு ஆபரேஷன் தொடங்கும் முன்பு கத்தரி எத்தனை, இடுக்கி எத்தனை, பஞ்சு எத்தனை என்று வாய்விட்டு எண்ணுவாள். முடிந்ததும் மறுபடி எண்ணுவாள். ஒன்று குறைந்தால் பெரிய டாக்டரே ஆனாலும் தையல் போட முடியாது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சமையலறை அலமாரியில் கரண்டிகள் உயர வரிசைப்படி கிடக்கும். இப்படிப்பட்டவளிடம் ஒருவர் ஆறு வருடம் பொய்யை ஓட்டியிருக்கிறார் என்றால் அந்த ஆளின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்தபடி சொன்னாள்.

"தியேட்டருக்கு புகை போட்டு சுத்தம் பண்ணப் போறாங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மூடல். இன்னும் மூணு வாரம் இருக்கு."

"நல்லதாப் போச்சு. ரெஸ்ட் எடு."

"நீங்க ஆத்துக்குப் போறதும் அதே வாரம்தானே. நானும் வர்றேன்."

கண்ணாடிக்காரரும் அப்போதுதான் ஒரு வாய் டீ குடித்திருந்தார். வாயிலிருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அங்க வசதியே இருக்காதும்மா. பூச்சி, பொட்டு..."

"பூச்சிக்கு மருந்து எடுத்துக்கலாம். மூணு வாரம் இருக்கே, சரியா பிளான் பண்ணிக்கலாம். நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவள் 'நான் பார்த்துக்கறேன்' என்றால் முடிந்தது கதை. மருத்துவமனையில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பெரிய பெரிய டாக்டர்களே ஒதுங்கி நிற்பார்கள்.

அன்று முதல் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டு மேஜையாக இல்லை. ஒரு எவர்சில்வர் தட்டில் பச்சைத் துணி விரித்து, தூண்டில் முள்கள் அளவு வாரியாகப் படுத்திருந்தன. பன்னிரண்டு முள். பக்கத்தில் நூல், தக்கை, கத்தரி, மருத்துவமனையில் ஓய்வு பெற்ற ஒரு இடுக்கி. சுவரில் காலண்டர். அதற்குக் கீழே பட்டியல். முதல் நாள் பதினெட்டு ஐட்டம் இருந்தது. வாரக் கடைசியில் அறுபத்து நாலு ஆகி, மூன்று பக்கத்துக்கு நீண்டுவிட்டது. "முழுசாப் படிச்சு கையெழுத்துப் போடுங்க" என்று அவள் கொடுத்தபோது கண்ணாடிக்காரர் முதல் பக்கத்தில் 'டெண்ட் ஆணி, எட்டு' வரை படித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்தைப் போட்டார். 

"முழுசாப் படிச்சீங்களா?"

"வரி வரியாப் படிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை கலந்தாலோசனைக் கூட்டம். டிரில் மாஸ்டரும் வரவழைக்கப்பட்டார். ஆள் ஆறடி. அறுநூறு பிள்ளைகளை ஒரே விசிலில் அசையாமல் நிறுத்துகிறவர். ஆனால் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல நேர்ந்தால் காது சிவந்து, கை தானாகப் போய் விசிலைத் தேடும். கண்ணாடிக்காரரை அவர் 'மாப்ள' என்று கூப்பிடுவதால் மாப்ளையின் மனைவி அவருக்குத் தங்கச்சி. அந்தத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையனாக ஆகிவிட்டார்.

"அண்ணே, தண்ணியில நிக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிப்பீங்க? தண்ணி வர்ற பக்கமா, போற பக்கமா?"

"வர்ற பக்கம்" என்றார் டிரில் மாஸ்டர். அதே நேரத்தில் "போற பக்கம்" என்றார் கண்ணாடிக்காரர்.

சிஸ்டர் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள்.

"காலைல வர்ற பக்கம், சாயங்காலம் போற பக்கம்" என்று டிரில் மாஸ்டர் சமாளித்தார். காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

"எழுதிக்கறேன்" என்று அவள் எழுதிக்கொண்டாள். "இரை என்ன?"

"புழு" என்றார் கண்ணாடிக்காரர்.

"எந்த மாதிரிப் புழு?"

"உயிருள்ளது."

"ஒருத்தர் வழுக்கி விழுந்தா இன்னொருத்தர் என்ன செய்யணும்?"

இது ஒன்றுதான் அவர்களுக்கு அனுபவப்பட்ட கேள்வி. "செருப்ப கழட்டிட்டு இறங்கணும், தங்கச்சி" என்று டிரில் மாஸ்டர் உணர்ச்சியோடு சொன்னார்.

கடைசியாக அவள் இடுக்கியை எடுத்துத் தட்டினாள். "மீன் வாயில முள்ளு மாட்டினா எத வெச்சு எடுப்பீங்க? இது சரியா இருக்குமா?"

"அதெல்லாம் எதுக்கு. கையாலயே எடுத்துடுவேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"மீனுக்குப் பல்லு இருக்குமே. குத்தாதா?"

"கை பழகிடுச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு இடுக்கியைத் துணிமேல் அதன் இடத்தில் நேராக வைத்துவிட்டு, டீ போட எழுந்து போனாள். 

அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம். அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். கடைக்கு வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்து பையைப் பார்த்தவுடன் மலர்ந்த அந்த முகம் இனிமேல் தன்னைப் பார்த்து மலராது என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால், உண்மையைச் சொல்வதைவிட மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவு செய்தார். ஆண்பிள்ளை புத்தி அப்படித்தான் போகும்.

பயிற்சி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. டிரில் மாஸ்டர் மீனாக நடித்தார். நூலின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடுவார். கண்ணாடிக்காரர் சுண்டி இழுக்க வேண்டும். இழுக்கிற போதெல்லாம் மீன் பழக்கதோஷத்தில் விசில் ஊதியது. வீசிப் பழகலாம் என்று வீசியதில் முள் முதல் தடவை வாலிபால் வலையில் மாட்டியது, இரண்டாவது தடவை டிரில் மாஸ்டரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காவலாளி கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டு, "நாளைக்கும் உண்டா சார்?" என்று ஆசையாகக் கேட்டார்.

உருப்படியாக நடந்த காரியம் ஒன்றுதான். தண்ணீரின் மேல் பட்டுக் கண் கூசவைக்கிற வெளிச்சத்தை வெட்டி, அடியில் இருப்பதைக் காட்டுகிற ஒரு வகை லென்ஸ் உண்டு. கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து அதில் மூன்று ஜோடி அறுத்தார். மனைவியின் கண்ணளவு அவருக்கு மனப்பாடம். ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. அவளுடைய கண்ணாடிக்கு மட்டும் ஓரத்தை இரண்டு தடவை மெருகேற்றினார்.

இன்னும் ஒரு அபாயம் பாக்கி இருந்தது. பாலத்து முனை மீன்காரம்மா. போகிற வழியே அதுதான். ஆறு வருட வாடிக்கையைப் பார்த்ததும் அந்த அம்மாள், "வாங்க சார், இந்த வருஷமும் அஞ்சுதானா?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டால் என்ன ஆவது? வேலைநாள் ஒன்றில் கடையை மூடிவிட்டு, பஸ் பிடித்துப் போய் அவளைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நான் இந்தப் பக்கம் வருவேம்மா. கூட வீட்டுக்காரி வருவா. என்னை உங்களுக்குத் தெரியாது. சரியா?"

மீன்காரம்மா தராசைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு சார் தெரியாது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். "கவலைய விடுங்க. உங்கள நான் ஜென்மத்துல பார்த்ததில்ல" என்றாள். போகிற போக்கில் மீன் எப்படிப் பிடிப்பது என்று அவளிடமே யோசனை கேட்டார். "எனக்கு விக்கத்தான் தெரியும் சார், புடிக்கிறது வலைக்காரங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை விடிந்ததும் டிரில் மாஸ்டரின் பழைய காரில் கிளம்பினார்கள். அறுபத்து மூன்று ஐட்டத்துக்கும் டிக் போட்டாயிற்று. கடைசி ஒன்றை மட்டும் அவள் "அது அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டாள். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பாலம் வந்தது. டிரில் மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. மீன் கடை இருக்கே" என்றாள் சிஸ்டர்.

வேறு வழியில்லாமல் வண்டி நின்றது. மீன்காரம்மா எழுந்து வந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற வேகத்தில், யாரும் எதுவும் கேட்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த சாரை எனக்குத் தெரியவே தெரியாதும்மா. இதுக்கு முன்னாடி பார்த்ததே கிடையாது. அந்த உசரமான சாரையும் தெரியாது. பெருசு ரெண்டு, சின்னது மூணுன்னு யாரும் இங்க வாங்கினதும் இல்ல."

டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எடுத்துவிட்டார். கண்ணாடிக்காரர் ஆடு திருடிய கள்ளனைப் போல விழித்தார்.

"அப்படியா? சரிங்கக்கா, வரும்போது பார்க்கலாம்" என்று சிஸ்டர் அமைதியாகச் சொன்னாள். பிறகு ஆறு வருகிற வரைக்கும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆறு அகலமாக, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டெண்ட் இருபது நிமிடத்தில் நின்றது. எட்டு ஆணியும் இருந்தன. சிஸ்டர் கணவனுக்கு மிதவைச் சட்டையை மாட்டி, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, ஊன்றுகோலை ஒரு கையிலும் தூண்டிலை ஒரு கையிலும் கொடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எட்டு நாப்பது. இறங்கலாம்."

கண்ணாடிக்காரர் இறங்கினார். தண்ணீர் கணுக்காலில் சில்லென்று ஏறியது. புது லென்ஸில் அடித்தளம் பளிச்சென்று தெரிந்தது: கூழாங்கல், பாசி, தம் கால் விரல்கள், அவற்றை வந்து முகர்ந்துவிட்டுப் போகிற குஞ்சு மீன்கள். ஒரு எட்டு. இரண்டு எட்டு. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மூன்றாவது எட்டில் நின்றார். நாலாவது எட்டில்தான் ஆறு வருடத்துக்கு முன்பு விழுந்தது. பின்னால் பார்த்தார். கரையில் அவள் பட்டியலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு அக்கறையாக ஒருத்தி நிற்கும்போது இன்னொரு எட்டு பொய்யாக வைக்க அவரால் முடியவில்லை.

"எனக்கு மீன் புடிக்கத் தெரியாது" என்றார் ஆற்றில் நின்றபடியே. "ஒண்ணுகூடப் புடிச்சதில்ல. எல்லாம் அந்த அம்மாகிட்ட வாங்கினது."

"தெரியும்" என்றாள் அவள்.

"அந்தம்மா உளறினதுலதானே?"

"முதல் வருஷமே தெரியும். நீங்க குளிக்கப் போனீங்க, நான் மீனைக் கழுவினேன். அஞ்சு மீன், அஞ்சு வாய். ஒண்ணுலயும் ஒரு கீறல் இல்ல. தூண்டில்ல மாட்டின மீனுக்கு வாயில காயம் இருக்காதா? நான் எங்க வேலை பார்க்கறேன்னு மறந்துட்டீங்களா?"

கண்ணுக்கே கண்ணாடி போடுகிறவர். ஐந்து வாயைப் பார்க்கத் தவறிவிட்டார்.

"பெரிய டாக்டரும் பார்த்தார். அவர் பங்கை வாங்கினதும் வாயைத் தொறந்து பார்த்துட்டு, 'என்ன சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா மீன் தானா வந்துடுமோ'ன்னார். சுத்தி நின்ன நர்ஸுங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அவருக்குக் கை பழகிடுச்சு டாக்டர், காயம் படாம எடுத்துடுவார்'னு சொன்னேன். ஆறு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

டிரில் மாஸ்டர் டெண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆறடி ஆளை மறைக்க அந்த டெண்டுக்கு வக்கில்லை.

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு கேள்வி, மீட்டிங்கு?"

"நீங்களா சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் அதுக்குத்தான். நீங்க 'உயிருள்ள புழு'ங்கறீங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை, பாதியிலேயே குரல் மாறிவிட்டது. "பொய் சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லங்க. மீன் புடிக்கத்தான் போறீங்கன்னா சரி, அது உங்க கூத்துன்னு விட்டிருப்பேன். ஒவ்வொரு வருஷமும் உங்க சட்டையில முதுகுப் பக்கம் பூரா புல்லு ஒட்டியிருக்கும். மீன் புடிக்கறவருக்கு முதுகுல எதுக்குப் புல்லு? சும்மா படுத்திருக்கத்தானே வர்றீங்க. சும்மா படுத்திருக்க எனக்கு ஆசை இருக்காதா? ஆறு வருஷத்துல ஒரு தடவை, நீயும் வாயேன்னு கூப்பிடணும்னு தோணலையே உங்களுக்கு."

தண்ணீர் முழங்காலில் மோதி மோதிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் உண்மையையே சொன்னார்.

"நீ வந்தா பட்டியல் போடுவியேன்னு பயந்தேன்."

"போட்டேனே. அறுபத்து நாலு. கடைசி ஐட்டம் என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் திருதிருவென்று விழித்தார். அவள் பட்டியலை நீட்ட, டிரில் மாஸ்டர் டெண்டுக்குப் பின்னாலிருந்து வந்து வாங்கி, மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். மைதானத்தில் பேர் கூப்பிடுகிற குரல் அவருடையது. அதைத் தணித்துக்கொண்டு படித்தார்.

"அறுபத்து நாலு. எனக்குத் தூக்கம். யாரும் எழுப்பக் கூடாது." அதற்கு நேர் கீழே கண்ணாடிக்காரரின் கையெழுத்து இருந்தது.

கண்ணாடிக்காரர் கரையேறினார். பாயை எடுத்தார். அவர்கள் ஆறு வருடமாகப் படுக்கிற மர நிழலில், அவர் வழக்கமாகப் படுக்கிற மேடு பள்ளமில்லாத இடத்தில் விரித்தார். தலைக்குத் தம் பையை மடித்து வைத்தார். "படும்மா" என்றார். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாள். இரண்டு நிமிடம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, முப்பது பேருக்குக் கட்டளை போடுகிற அந்த வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அன்று முழுக்கத் தூங்கினாள். நடுவில் எழுந்து இரண்டு முட்டை தின்றுவிட்டு மறுபடி தூங்கினாள். ஆண்கள் இருவரும் கால் விரலை ஊன்றி நடந்தார்கள். காக்கையைக் கை காட்டியே விரட்டினார்கள். தூங்க வந்த இடத்தில் இருவரும் கொட்டக் கொட்ட விழித்துக் காவல் இருந்தார்கள்.

மறுநாள் காலை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கண்ணாடிக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நாலாவது எட்டைத் தாண்டினார், விழவில்லை. வீசினார். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, லென்ஸ் வழியாக அவர் கண்ணெதிரிலேயே, கை அகல மீன் ஒன்று வந்து புழுவைக் கவ்வி இழுத்தது. தூண்டில் வளைந்தது. ஆறு வருடத்தில் முதல் நிஜ மீன். கரையில் டிரில் மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்காரர் ஒரு கையை விட்டு, வாயில் விரல் வைத்து, பாயைக் காட்டினார். அந்த ஒரு கையை விட்ட நேரம் மீனுக்குப் போதுமாயிருந்தது. அறுத்துக்கொண்டு போய்விட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் தண்ணீரிலும் ஒருவர் கரையிலுமாகக் குதித்தார்கள்.

திரும்பும்போது பாலத்தில் சிஸ்டரே வண்டியை நிறுத்தச் சொன்னாள். முகம் தெளிந்திருந்தது, சட்டையின் முதுகில் புல் ஒட்டியிருந்தது, யாரும் தட்டிவிடவில்லை.

"இந்த சாரை உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

மீன்காரம்மா கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "நல்லாத் தெரியும்மா" என்றாள் நிம்மதியாக.

"பெருசு ரெண்டு, சின்னது மூணு குடுங்க."

மீன்களை வாங்கி, காரின் முன்பக்க மூடிமேல் பச்சைத் துணியை விரித்துப் படுக்கவைத்தாள். கையுறை போட்டுக்கொண்டாள். இடுக்கியால் முதல் மீனின் உதட்டைப் பிடித்து, தூண்டில் முள்ளால் உள்ளிருந்து வெளியே, வாயோரத்தில் ஒரு குத்து, ஒரு சின்ன இழுப்பு. அடுத்தது. ஐந்தும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கடைசி மீனுக்கு இடது பக்கம் வைத்தாள். எல்லா மீனும் ஒரே பக்கம் மாட்டாதாம். பிறகு முள்களை எண்ணினாள். பதினொன்று இருந்தது.

"ஒண்ணு குறையுதே."

"மீன் கொண்டு போயிடுச்சு. நிஜமாவே" என்றார் கண்ணாடிக்காரர். "நீ தூங்கிட்டிருந்தே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். டிரில் மாஸ்டரின் காதைப் பார்த்தாள். காது சிவக்கவில்லை. பட்டியலை எடுத்து, முள் பன்னிரண்டு என்ற இடத்தில் அடித்து, 'பதினொன்று, சரி' என்று எழுதினாள்.

திங்கள்கிழமை மாலை கண்ணாடிக்காரர் மனைவியைக் கூட்டிப்போக மருத்துவமனைக்கு வந்திருந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் பெரிய டாக்டர் தம் பங்கு மீனை வாங்கினார். வழக்கம்போல வாயைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் சட்டைப் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சுற்றி நின்ற நர்ஸுகளும் எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"சிஸ்டர், இந்தத் தடவை காயம் இருக்கே" என்றார் பெரிய டாக்டர். "ரொம்ப சுத்தமான காயம். முள்ளை யார் எடுத்தது?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை நான் எடுத்தேன் டாக்டர்" என்றாள். "கை பழகிடுச்சு. இனிமே வருஷா வருஷம் நானும் போறேன்."